டாக்கிலேயே கிடக்கும் லேப்டாப்: பேட்டரியைக் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

மேசையில் வைத்த லேப்டாப் ஒரு நாள் சரியாக உட்காரவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்பியது. மேசைதான் கோணல் என்று நினைத்து, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து ஒரு மாதம் ஓட்டினேன். அப்புறம் டச்பேட் இறுகிப்போய்க் கிளிக் ஆகாமல் நின்றபோதுதான் சந்தேகம் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனதே அபூர்வம். பகல் முழுக்க டாக் (ஒரே கேபிளில் லேப்டாப்புக்கு மின்சாரம், மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் இணைத்துவிடும் பெட்டி), இரவு முழுக்கவும் டாக். "பேட்டரியை நான் யூஸ் பண்ணவே இல்லையே, எப்படிங்க கெட்டது?" என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "யூஸ் பண்ணாததாலதான் சார் கெட்டுச்சு" என்றார் அங்கே இருந்த பையன். அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி எனக்குப் புரிய இன்னொரு லேப்டாப் தேவைப்பட்டது.

டாக்கில் மாட்டினால் பேட்டரி 'ஓவர்சார்ஜ்' ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. 100% ஆனதும் உள்ளே இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதன்பின் லேப்டாப் நேராக அடாப்டரின் மின்சாரத்தில் ஓடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லித்தியம் அயன் செல் முழுசாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட், புதிய லேப்டாப் செல்கள் பலவற்றில் 4.35, 4.4 வரைகூடப் போகும். அந்த உச்சத்திலேயே நாள்கணக்கில் நிற்கும்போது உள்ளே வேண்டாத வேதிவினைகள் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். சூடும் சேர்ந்தால் அவை வேகம் பிடிக்கும். அந்த வினைகளில் பிறக்கும் வாயுதான் செல்லின் உறையான பையைப் பூரியாக்குகிறது.

கேடெக்ஸ் நிறுவனத்தின் பேட்டரி யூனிவர்சிட்டி தளத்தில் ஒரு அட்டவணை உண்டு. ஒரு செல்லை 25 டிகிரியில் 40% சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்தால் கொள்ளளவில் 96% மிஞ்சும். 100% சார்ஜோடு வைத்தால் 80%தான். அதே செல் 40 டிகிரியில் இருந்தால் முறையே 85, 65. சென்னையில் கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மூடிய லேப்டாப்பின் உள்ளே 40 டிகிரி என்பது சர்வசாதாரணம். ஆக, டாக்கின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. நூறும் சூடும் ஜோடி சேர்வதுதான் ஆபத்து. கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த ஜோடியைப் பிரிக்கத்தான்.

முதல் வேலை: பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடம் விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, அதோடு 'பேட்டரிரிப்போர்ட்' என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கோப்பு உருவாகும். எங்கே சேமித்தது என்று அதுவே சொல்லிவிடும். பிரௌசரில் திறந்து பாருங்கள்.

அதில் மூன்று வரிகள் போதும். டிசைன் கெப்பாசிட்டி என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த அளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்று நிரப்பினால் கொள்ளும் அளவு. சைக்கிள் கவுன்ட் என்பது மொத்தம் எத்தனை முழுச் சுற்று (நூறு சதவீத அளவு இறங்கி ஏறுவது ஒரு சுற்று) ஓடியிருக்கிறது என்பது. என்னுடைய உப்பிய பேட்டரியின் பழைய ரிப்போர்ட்டில் முதல் எண் 57,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 46,170. வகுத்தால் 81%. சைக்கிள் கவுன்ட் வெறும் 63! லேப்டாப் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 சுற்று வரை தாங்கும்படிதான் வருகின்றன; ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 1000 என்கிறது. 63 சுற்றிலேயே ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது என்றால், அது ஓடித் தேய்ந்ததில்லை, நிரம்பியபடி உட்கார்ந்தே கெட்டது. உங்கள் ரிப்போர்ட்டிலும் சுற்று குறைவாகவும் இழப்பு அதிகமாகவும் இருந்தால் நோய் இதுதான். சில லேப்டாப்பில் சைக்கிள் கவுன்ட் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். விட்டுவிடுங்கள், முதல் இரண்டு எண்களே போதும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்துக்குப் போனால் மிச்சமிருக்கும் கொள்ளளவு சதவீதமாகவே தெரியும். சுற்று எண்ணிக்கை சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதியில் இருக்கும்.

இரண்டாவது வேலை: சார்ஜுக்கு ஒரு வரம்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வரம்பு வைத்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்து, ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறது.

லெனோவா திங்க்பேட் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். லெனோவா வான்டேஜ் செயலியில் பேட்டரி சார்ஜ் த்ரெஷோல்டு என்ற இடத்தில் இரண்டு எண்கள் கொடுக்கலாம்: எதற்குக் கீழே போனால் சார்ஜ் தொடங்க வேண்டும், எதில் நிற்க வேண்டும். 75, 80 என்று வைத்தால், 77 சதவீதத்தில் கொண்டுவந்து மாட்டினாலும் அது சார்ஜ் ஏற்றாது. அப்போது 'ப்ளக் இன் ஆகியிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை' என்று திரையில் வரும். டாக் பழுது என்று பயந்துவிடாதீர்கள். நானே ஒரு தடவை கேபிளை மாற்றி மாற்றிச் செருகி அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன். ஐடியாபேட் வகையில் அதே செயலியில் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும். எண் கேட்காது, ஆன் செய்தால் போதும்.

டெல் என்றால் கணினி எழும்பும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். பேட்டரி சார்ஜ் கான்ஃபிகரேஷனில் 'ப்ரைமரிலி ஏசி யூஸ்' என்ற தேர்வு உண்டு. எப்போதும் டாக்கில் இருக்கும் லேப்டாப்புக்காகவே செய்த தேர்வு அது. எண்ணாகவே வேண்டும் என்றால் 'கஸ்டம்' தேர்ந்தெடுக்கலாம். பயாஸ் பிடிக்காதவர்களுக்கு டெல்லின் சொந்தச் செயலிகளிலும் இதே தேர்வுகள் கிடைக்கும்.

ஹெச்பியின் அலுவலக வகை லேப்டாப்பில் எஃப்10 அழுத்தினால் பயாஸ். அங்கே பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்பதில் 'மேக்ஸிமைஸ் மை பேட்டரி ஹெல்த்' என்று வைத்தால் 80 சதவீதத்தில் நிற்கும். 'ஹெச்பியே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற பொருளில் இன்னொரு தேர்வும் உண்டு. நிரந்தரமாக டாக்கில் இருக்கும் இயந்திரத்துக்கு நான் அதை நம்புவதில்லை. நேராக வரம்பு வைப்பதே மேல்.

ஏசூஸில் மைஏசூஸ் செயலி, ஏசரில் ஏசரின் சொந்தச் செயலி, மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸில் சர்ஃபேஸ் செயலி என்று போய்க்கொண்டே இருக்கும். சர்ஃபேஸின் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) அமைப்புகளில் 'பேட்டரி லிமிட்' என்று ஒன்று உண்டு. அது 50 சதவீதத்திலேயே நிறுத்திவிடும். கடைகளில் காட்சிக்கு வைத்து நாள் முழுக்க மாட்டியே இருக்கும் சாதனங்களுக்கு அது சரி. பையில் போட்டு வெளியே எடுத்துப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

மேக்புக்கில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங் இருக்கிறது. அது உங்கள் பழக்கத்தைக் கவனித்து, தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன்புதான் 80ஐத் தாண்டி ஏற்றும். ஒழுங்கான நேரத்தில் வேலை செய்கிறவர்களிடம் நன்றாக எடுபடும். ராத்திரி ஒரு மணி வரை ஒரு நாள், மாலை ஐந்து மணிக்கே மூடி வைப்பது மறுநாள் என்று இருக்கிற என் போன்றவர்களிடம் குழம்பிவிடும். கறாரான வரம்பு வேண்டும் என்கிறவர்கள் பலர் ஆல்டென்டே என்ற செயலியைப் போட்டுக்கொள்கிறார்கள். லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் 48ஆம் பதிப்பிலிருந்து பவர் செட்டிங்ஸிலேயே பேட்டரி ஆயுளைக் காக்கும் தேர்வு வந்துவிட்டது. கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பிலும் சார்ஜ் வரம்பு உண்டு. இரண்டும் ஹார்டுவேர் ஒத்துழைத்தால்தான் கண்ணில் படும்.

வரம்பு வைத்த உடனே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி அப்போது 100இல் இருந்தால், பெரும்பாலான லேப்டாப்பில் அது தானாக 80க்கு இறங்காது. டாக்கில் இருக்கும்வரை நூறிலேயே நிற்கும். கேபிளைப் பிடுங்கிவிட்டு 80க்குக் கீழே வரும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள், அப்புறம் மாட்டுங்கள். பயாஸ் அப்டேட் வந்த பிறகும் வரம்பு அப்படியே இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் ஐடி ஆட்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு நிமிட வேலைதான், மறுக்க மாட்டார்கள்.

வரம்பு வைக்கும் வசதியே இல்லையென்றால்?

பழைய லேப்டாப்பிலும் விலை குறைந்த சிலவற்றிலும் இந்த வசதி இருக்காது. தினமும் 80 ஆனதும் பிடுங்குவது, 40 ஆனதும் மாட்டுவது என்று காவல் காக்காதீர்கள். இரண்டு நாளில் அலுத்துவிடும். டாக்கில் மின்சாரமும் மானிட்டரும் ஒரே கேபிளில் வருவதால் ஒன்றை மட்டும் பிடுங்கவும் முடியாது. சார்ஜரைத் தனியாகச் செருகும் சிறு யூஎஸ்பி-சி ஹப் வைத்திருப்பவர்கள் சார்ஜரை மட்டும் எடுக்கலாம். ஆனால் அப்படி எடுக்கும் நொடியில் பல ஹப்கள் எல்லா இணைப்பையும் ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். வெளி ஹார்டு டிஸ்கில் கோப்பு ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கணம் போதும், கோப்பு கெட்டுவிடும். இப்படிப்பட்ட லேப்டாப்புக்கு நான் சொல்வது: வாரத்தில் இரண்டு நாள் மதியம் மேசையை விட்டு எழுந்து, வேறு இடத்தில் உட்கார்ந்து பேட்டரியில் 40, 50 வரை ஓட்டுங்கள். மற்ற நாள்களில் சூட்டை மட்டும் கவனியுங்கள்.

பேட்டரியையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது பத்து வருடத்துக்கு முன்பு நடந்த கதை. இப்போது அது உள்ளே திருகி வைத்திருக்கிறது. கழற்றினால் கரண்ட் போன கணத்தில் கணினியும் போய்விடும்.

மூன்றாவது வேலை: வாட் கணக்கு

இதை யாரும் பார்ப்பதில்லை; எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. டாக்கின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் என்ற வரியில் 20 வோல்ட், 6.75 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 135 வாட். அது முழுசும் லேப்டாப்புக்கு வராது. டாக் தனக்கும், அதில் தொங்கும் கீபோர்டு, கேமரா, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தரும். டெல் டபிள்யூடி19 டாக்கை எடுத்துக்கொண்டால், 130 வாட் அடாப்டரோடு வரும் வகை லேப்டாப்புக்குத் தருவது அதிகபட்சம் 90 வாட்.

இப்போது லேப்டாப்போடு வந்த சொந்தச் சார்ஜரைப் பாருங்கள். அது 65 வாட் என்றால் கவலையே இல்லை. 135 வாட் கேட்கும் லேப்டாப்பை 60 வாட் தரும் டாக்கில் மாட்டியிருந்தால், சாதாரண நேரத்தில் ஒன்றும் தெரியாது. வீடியோ ரெண்டர், பெரிய மென்பொருள் பில்டு, கேமரா ஆனாக இருக்கும் நீண்ட மீட்டிங் என்று வரும்போது டாக் தருவது போதாமல், குறையும் மின்சாரத்தை லேப்டாப் பேட்டரியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். வேலை தணிந்ததும் திரும்ப ஏற்றும். மாட்டியே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பேட்டரி நாள் முழுக்க இறங்கி ஏறிக்கொண்டே, கூடவே சூடாகிக்கொண்டும் இருக்கும்.

சோதிப்பது சுலபம். உங்கள் வேலையிலேயே கனமானதை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் சதவீதத்தைக் கவனியுங்கள். டாக்கில் இருந்தும் எண் இறங்கினால் டாக்குக்குத் தெம்பு போதவில்லை. 'ஸ்லோ சார்ஜர்' என்று விண்டோஸ் எச்சரித்தாலும் பொருள் அதுதான்.

டாக்கைக் குறை சொல்லும் முன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். எல்லா யூஎஸ்பி-சி கேபிளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்குவேன் என்று சொல்லும் சிறு சிப் கேபிளுக்குள்ளேயே இருக்க வேண்டும். டாக்கோடு வந்த கேபிள் குட்டையாக இருக்கிறது என்று போன் சார்ஜரின் நீளக் கேபிளைப் போட்டுக்கொள்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேமிங் லேப்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் என்றால் சமரசம் வேண்டாம்: மின்சாரத்துக்கு அதன் சொந்தச் சார்ஜர், மானிட்டருக்கும் மற்றதுக்கும் மட்டும் டாக். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம், பொதுவாக லேப்டாப் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நான்காவது வேலை: சூடு

பெரும்பாலான லேப்டாப்பில் பேட்டரி இருப்பது நாம் மணிக்கட்டை வைக்கும் பகுதிக்கு அடியில். வேலை செய்யும்போது அங்கே கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுத்துவிடலாமா என்று தோன்றினால் ஏதாவது செய்ய வேண்டும்.

வெளி மானிட்டர் இருக்கிறதே என்று லேப்டாப்பை மூடி வைப்பவர்கள்தான் அதிகம். மூடி வைத்தால் கீபோர்டு வழியாக வெளியேறும் சூடு அடைபடும். சில வகைகளில் காற்று உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். திறந்து வைத்து, அதன் திரையை இரண்டாவது திரையாக வைத்துக்கொள்வதே நல்லது. இடமில்லை, மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் இரண்டு விரல் போகிற இடைவெளியாவது விடுங்கள். டாக்கின் தலைமேல் லேப்டாப்பை அடுக்குவது பார்க்க அழகு. ஆனால் டாக்கும் சுடும், அந்தச் சூடு நேரே மேலே பேட்டரிக்குத்தான் போகும்.

இன்னொன்று, இரவில் நடப்பது. மூடியதும் லேப்டாப் தூங்குகிறது என்று நினைப்போம். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்பில் பல அரைத்தூக்கம்தான் போடுகின்றன. மின்சாரமும் இணையமும் கையருகே இருந்தால் அப்டேட் இறக்குவது, மெயில் பார்ப்பது என்று விடிய விடிய ஏதோ செய்துகொண்டிருக்கும். காலையில் தொட்டுப் பார்த்தால் சூடு. வேலை முடிந்ததும் ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணையும் முறை) போடுங்கள். நான் ஒரு படி மேலே போய் டாக்கின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன்.

ஊருக்குப் போகிறீர்கள், இரண்டு வாரம் தொட மாட்டீர்கள் என்றால் 50 சதவீதத்தில் அணைத்து, டாக்கிலிருந்து பிரித்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஐந்தாவது: எப்போதாவது ஒரு முழுச் சுற்று

மாதக்கணக்கில் 75க்கும் 80க்கும் நடுவிலேயே இருந்தால் பேட்டரிக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளைக்கு, அதாவது மிச்சச் சார்ஜைக் கணக்கிடும் சிப்புக்கு, அளவு மறந்துபோகும். 25% என்று காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றி, 10 வரை இறக்கி, மறுபடி ஏற்றினால் கணக்கு நேராகும். மாதா மாதம் பூஜ்ஜியம் வரை இறக்க வேண்டும் என்பதெல்லாம் நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. லித்தியத்துக்குப் பூஜ்ஜியமும் ஆகாது.

உப்பிவிட்டால்

டச்பேட் இறுகுவது, கீபோர்டின் நடுப்பகுதி மேடாவது, அடித்தட்டில் இடுக்கு விழுவது, மேசையில் வைத்தால் ஆடுவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் டாக்கிலிருந்து பிரித்து அணைத்துவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தி வாயுவை எடுக்கலாம் என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றுங்கள், பழையதையும் அங்கேயே விட்டுவிடுங்கள். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை இந்தியாவில் 2022இன் பேட்டரி கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. தெருக் குப்பைத்தொட்டி அதற்கு இடமில்லை.

கரண்ட் போகும் நாள்

80ல் நிறுத்தச் சொன்னால் என் நண்பர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான். நியாயமான கேள்வி. சும்மா பத்து நிமிடம் போவதற்கு 80 தாராளம். கரண்ட் போன கணத்தில் டாக், மானிட்டர், அதில் தொங்கும் ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்தே அணையும். லேப்டாப் மட்டும் நிற்கும். அதனால் டாக்குக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுவிட்டால், கோப்பு எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் தப்பிக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கே நிறுத்திவிடும் நாள் வேறு. அறிவிப்பைப் பார்த்ததும் முந்தின நாள் இரவு வரம்பை 100க்கு ஏற்றிவிடுவேன். ஒரு நாள் நூறில் இருப்பதால் பேட்டரி ஒன்றும் செத்துவிடாது. மாதக்கணக்கில் இருப்பதுதான் வினை. மாலை கரண்ட் வந்ததும் திரும்ப 80க்கு மாற்ற வேண்டும். அதை நான் மறந்துபோய் மூன்று வாரம் நூறிலேயே விட்ட கதை உண்டு. இப்போது மானிட்டரின் ஓரத்தில் '80?' என்று எழுதிய மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது.